குறைத்துச் சொன்னது

நான் கிழமையில் மூன்று நாள் வேலைக்குப் போகிறேன். செவ்வாய், புதன், வெள்ளி. காலை ஆறு மணிக்குத் தொடங்கி மதியம் ஒன்றரைக்கு முடியும். நாங்கள் இருக்கும் ஜெர்மனியின் ஹம் நகரத்திலிருந்து ரயிலில் இரண்டு தரிப்பு. இறங்கி, ஒரு பேக்கரியையும் பல வருடமாகப் பூட்டிக் கிடக்கும் தளபாடக் கடையையும் தாண்டினால் அந்த முதியோர் இல்லம் வரும். முதல் ஏழு வருடம் அங்கே நிலம் துடைத்தேன். நாற்பத்தொரு வயதில், பிள்ளைகள் இரண்டு பேரும் தங்கள் பாட்டைப் பார்க்கத் தொடங்கிய பிறகு, ஒரு வருடப் படிப்புப் படித்து, பரீட்சை எழுதி, உதவித் தாதியானேன். மருந்து கொடுப்பது முழுப் படிப்புப் படித்த தாதிகளின் பொறுப்பு. உடம்பு கழுவுவது, உடுப்பு மாற்றுவது, சாப்பாட்டை வாயில் தீத்துவது, இரத்த அழுத்தம் பார்ப்பது, படுக்கையில் கிடப்பவர்களைப் பக்கம் மாற்றிப் படுக்க வைப்பது, வீங்கிய கால்களுக்கு இறுக்கமான காலுறை இழுத்து விடுவது, பிறகு இதையெல்லாம் கைக்கணினியில் பதிவது, இவை என்னுடைய வேலைகள். முதலில் முழு நேரம்தான் செய்தேன். முதுகெலும்புத் தட்டு விலகியதும் டாக்டர் கடிதம் தந்தார், பாதி நேரமாகிவிட்டது.

பாதி நேர வேலையில் ஒரு துன்பம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மதியம் ஒருவரின் கையைத் துடைத்துவிட்டு வருவேன். செவ்வாய் காலை போனால் அந்தக் கட்டிலில் வேறு விரிப்புப் போட்டிருக்கும். இடையில் நடந்ததை இரண்டு வரியில் சொல்லுவார்கள். அதற்குள் காலைச் சாப்பாட்டு நேரம் வந்துவிடும்.

முந்தின வருடம் ஒக்டோபர் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, எங்கள் பிரிவுக்குப் பொறுப்பான ஜெர்மன் பெண்மணி என்னைக் கண்டதும் சந்தோஷப்பட்டார்.

"உங்கள் நாட்டுக்காரர் ஒருவர் வந்திருக்கிறார். பக்கவாதம். வலது பக்கம் இயங்காது. முந்தி அருமையாக ஜெர்மன் பேசுவாராம், இப்போது ஒரு சொல்லும் இல்லை. நீங்கள் இருப்பது எவ்வளவு நல்லது!"

பதினான்காம் அறைக் கதவைத் திறந்தேன். யன்னலுக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருந்தார். முகத்தின் வலது பாதி கீழே இறங்கியிருந்தது. வாயோரத்தில் எச்சில். மற்றப் பாதியைப் பார்த்ததும் ஆளைத் தெரிந்துவிட்டது. உள்ளே போகாமல் கதவுப் பிடியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றேன்.

எண்பதுகளில் இலங்கையிலிருந்து கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கியவர்களில் அவரும் ஒருவர். உணவகச் சமையலறையில் கோப்பை கழுவியபடியே டொச், அதுதான் ஜெர்மன் மொழி, பேசப் பழகியவர். எங்கள் பகுதித் தமிழருக்கெல்லாம் அவர்தான் வாய். வெளிநாட்டவர் அலுவலகத்துக் கடிதம் வந்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கும், பல் பிடுங்குவதற்கும், விவாகரத்துக்கும் அவர்தான் கூடப் போவார். எல்லாருக்கும் அவர் அண்ணை. எழுபது வயதுக்காரரும் அவரை அண்ணை என்றுதான் சொல்லுவார்கள்.

எனக்கு அவரைப் பிடிக்காது. அதற்கு அவர் மேல் ஒரு பிழையும் இல்லை என்றுதான் அந்தக் குளிர்காலம் வரைக்கும் நினைத்திருந்தேன்.

முப்பது வருடத்துக்கு மேலிருக்கும், அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கலியாணம் முடித்து இந்த நாட்டுக்கு வந்து ஒரு வருடம். வயிற்றில் முதல் பிள்ளை, ஆறு மாதம் முடிந்திருந்தது. இரண்டு நாளாகப் பிள்ளை அசையவில்லை. என் கணவர் தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்திருந்தார். நடு வேலையில் அவரைக் கூப்பிட வழியில்லை. மேல் மாடியில் இருந்த அக்கா ஒருவர்தான் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தார். அவர் வந்து என்னை பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் வயிற்றில் கருவியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணை திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் நின்றார். டாக்டர் என்னவோ சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து சத்தமே வரவில்லை. டாக்டர் இன்னொரு தரம் சொன்னார். பிறகுதான் குரல் வந்தது.

"தங்கச்சி, பிள்ளைக்கு இதயத் துடிப்பு இல்லையாம்."

அடுத்த நாள் காலை ஊசி போட்டுப் பிள்ளையை எடுத்தார்கள். என் கணவருக்கு வேலையில் விடுப்புக் கிடைத்து வந்து சேரப் பின்னேரம் நாலு மணி. அதுவரை அண்ணைதான் அறைக்கு வெளியே நடைபாதையில் கதிரையில் இருந்தார். பிள்ளையை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். நான் பார்க்கவில்லை. கேட்கலாம் என்றும் எனக்குத் தெரியாது. இந்த நாட்டில் இப்படித்தான் செய்வார்கள் என்று நினைத்தேன். ஆணா பெண்ணா என்றுகூடக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் முகத்தைப் பார்க்கவே என்னால் முடியவில்லை. தமிழ்க் கடையில் அவரைக் கண்டால் அரிசி மூட்டைகள் அடுக்கியிருக்கும் பக்கம் போய் நிற்பேன். கலியாண வீடுகளில் அவர் இருக்கும் மேசைக்கு எதிர்ப்பக்கம் போவேன். நான் விழுந்து விழுந்து டொச் படித்ததே அடுத்த பிள்ளைக்கு அவர் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வரக்கூடாது என்பதற்காகத்தான். அவர் வரவும் இல்லை. இரண்டு பிள்ளைகளையும் நானே டாக்டரோடு கதைத்துப் பெற்றேன்.

இப்போது அவர் என் கட்டிலில். எங்கள் இல்லத்தில் அப்படித்தான் சொல்லுவோம், என் கட்டில், உன் கட்டில் என்று.

அவர் என்னைக் கண்டதும் இடது கையைத் தூக்கினார்.

"நீ… ஓ… நீ…"

"ஓம் அண்ணை. நான் இங்கதான் வேலை செய்யிறன். இப்ப உங்களைக் கழுவ வந்திருக்கிறன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கழுவி, துடைத்து, புது உடுப்புப் போட்டு முடியும் வரைக்கும் திறக்கவே இல்லை. நான் பெரிய துவாயால் மூடிவிட்டு, கழுவும் இடத்தை மட்டும் திறந்தேன். "அண்ணை, இப்ப முதுகு", "அண்ணை, இப்ப கால்" என்று ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லிச் செய்தேன். படிப்பில் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். ஜெர்மன்காரரிடம் அதைச் சொல்லும்போது வாய் தன் பாட்டில் சொல்லும். தமிழில் சொல்லும்போது ஒவ்வொரு சொல்லும் கூச்சமாக இருந்தது. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். நான் வேலைக்கு வராத நாட்களில் மற்றவர்கள் கழுவும்போது அமைதியாக யன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாராம். அவர்கள் கழுவுவதுதான் அவருக்குச் சுகமாக இருந்திருக்கிறது. அதைக் கேள்விப்பட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை. என்னை ஒரு தமிழ்த் தாதி கழுவினால் நானும் கண்ணைத்தான் மூடுவேன்.

அவருடைய மனைவி காலமாகி ஐந்தாறு வருடம் இருக்கும். ஒரே மகன் பான் நகரத்தில் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். நான் ஞாயிறு வேலை செய்வதில்லை, அதனால் தொலைபேசியில்தான் அதிகம் கதைத்தோம். இங்கேயே பிறந்து வளர்ந்தவர். என்னை அன்ரி என்பார். தமிழ் கொஞ்சம் பேசிவிட்டு டொச்சுக்கு மாறிவிடுவார். தகப்பனிடம் அவர் சொல்லியிருந்தது, இது சில கிழமைகள்தான், உடற்பயிற்சி கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று. டிசம்பர் முடிவோடு தகப்பனின் வாடகை வீட்டைக் காலி செய்து திறப்பை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டார். வேறு என்ன செய்வது? தனியே எழும்பி நிற்க முடியாத மனிதர். ஆனால் தகப்பனிடம் அதைச் சொல்லவில்லை.

அண்ணை என்னைக் கேட்பார். "எப்ப… வீடு?"

"பாப்பம் அண்ணை" என்பேன். எத்தனையோ ஜெர்மன் கிழவிகளிடம் அதே பதிலைச் சொல்லியிருக்கிறேன்.

குளிர்காலத்தில் இரண்டு தரம் சளி நெஞ்சுக்குள் இறங்கியது. விழுங்கும் தசைகள் வேலை செய்யாமல், குடிக்கிறதும் சாப்பிடுகிறதும் நுரையீரலுக்குள் போயின. தண்ணீரோ தேநீரோ எதைக் கொடுத்தாலும் ஒரு மாவைக் கலந்து கூழ் போலாக்கிக் கரண்டியால்தான் கொடுக்க வேண்டும். எழுபது கிலோவில் வந்தவர் ஐம்பத்தாறுக்கு வந்துவிட்டார். பெப்ரவரியில் ஒரு புதன்கிழமை, இல்லத்துக்கு வரும் டாக்டர் அவரோடு நேரடியாகக் கதைக்க வேண்டும் என்றார். அவருக்குப் புத்தி தெளிவாக இருக்கிறது, முடிவு அவருடையது, மகனுடையது அல்ல என்றார்.

முதல் நாளே மகன் எனக்குத் தொலைபேசி எடுத்திருந்தார்.

"அன்ரி, நீங்களே சொல்லுங்கோ. எனக்கு இதெல்லாம் தமிழில சொல்ல வராது. டொச்சில சொன்னா அப்பாக்கு இப்ப விளங்காது." பிறகு குரலைத் தாழ்த்தி, "வீடு குடுத்ததையும் சொல்லிவிடுறீங்களா?" என்றார்.

டாக்டர் கதிரையை இழுத்துக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு இருந்தார். நல்ல மனிதர். அவசரப்படவில்லை. விழுங்கும் சக்தி இனித் திரும்பாது என்றார். சாப்பாடு நுரையீரலுக்குள் போய்க்கொண்டே இருக்கும், சளிக் காய்ச்சல் திரும்பவும் வரும் என்றார். வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைத்து உணவு கொடுக்கலாம், அப்படிச் செய்தால் கொஞ்சக் காலம் கூடுதலாக இருக்கலாம், ஆனால் பழைய நிலை வராது. குழாய் வேண்டாம் என்றால் முடிந்த அளவு வாயால் கொடுப்போம், நோகாமல் பார்த்துக்கொள்வோம், அப்படியென்றால் கிழமைகள் அல்லது இரண்டு மூன்று மாதம். இதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

நான் சொன்னேன்: "அண்ணை, விழுங்கிறது இன்னும் சரிவரேல்லையாம். வயித்துக்குள்ளால ஒரு குழாய் வைச்சுச் சாப்பாடு குடுக்கலாமாம். உங்களுக்கு விருப்பமோ எண்டு கேக்கிறார்."

அண்ணை டாக்டரைப் பார்த்தார். பிறகு என்னை.

"அவர்… நிறையக் கதைச்சவர்" என்றார். ஒவ்வொரு சொல்லையும் தேடித் தேடி எடுத்தார். "நீ… ரெண்டு வசனம்."

நான் போர்வையின் ஓரத்தை இழுத்துவிட்டேன்.

"குறைச்சு… சொல்லுறாய்."

டாக்டர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். முப்பது வருடம் மற்றவர்களுக்காக அதே வேலையைச் செய்தவரிடம் என் களவு பிடிபட்டுவிட்டது என்று டாக்டருக்கு எப்படி விளக்குவது? கொஞ்சம் பொறுங்கள் என்றேன். கட்டிலின் ஓரத்தில் இருந்தேன். வேலை நேரத்தில் கட்டிலில் இருக்கக் கூடாது. இருந்தேன்.

"அண்ணை, விழுங்கிற சக்தி இனித் திரும்பி வராதாம். சாப்பாடு நுரையீரலுக்குள்ள போகுதாம். குழாய் வைச்சா கொஞ்சக் காலம் கூட இருப்பீங்களாம். ஆனா எழும்பி நடக்கிற நிலமை வராதாம். வைக்காட்டி… சில கிழமை. இல்லாட்டி ரெண்டு மூண்டு மாசம். நோகாமப் பாத்துக்கொள்ளுவினமாம்."

"வீடு?"

"வீடு மார்கழியோட குடுத்தாச்சு அண்ணை. தம்பிக்கு உங்களிட்டச் சொல்ல ஏலாமப் போச்சு."

அவர் யன்னல் பக்கம் பார்த்தார். வெளியே வாகனத் தரிப்பிடம், அதற்கு அப்பால் வேலி. டாக்டரும் காத்திருந்தார்.

"குழாய் வேண்டாம்" என்றார் அண்ணை. "சொல்லு. முழுக்கச் சொல்லு."

சொன்னேன். அவருக்கு உண்மையாகவே விளங்கியதா என்று இன்னொரு விதமாகக் கேட்டுப் பார்க்கச் சொன்னார் டாக்டர். கேட்டேன். திரும்பவும் வேண்டாம் என்றார். டாக்டர் அவருடைய இடது கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். நான் தலையணையைச் சரிசெய்தேன். "அவனைப் பேசாதை" என்றார் அண்ணை. மகனைத்தான் சொல்கிறார், ஏசவேண்டாம் என்று. "அவன் பாவம்."

வெள்ளிக்கிழமை காலை அவருக்குத் தேநீர் தீத்திக்கொண்டிருந்தேன். மூன்றாவது கரண்டியோ நான்காவதோ, வாயைத் திறக்காமல் தலையை ஆட்டினார்.

"தங்கச்சி."

"ஓம் அண்ணை."

"நானும்… குறைச்சு."

"என்ன அண்ணை?"

"உனக்கு. அண்டைக்கு. ஆஸ்பத்திரியில."

முதலில் எனக்கு விளங்கவில்லை. எந்த ஆஸ்பத்திரி என்று கேட்கப் போனேன். பிறகு கரண்டியைக் கோப்பைக்குள் வைத்தேன்.

அவர் சொல்லி முடிக்க நெடுநேரம் எடுத்தது. சில சொற்கள் வரவில்லை, நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அது இன்னும் கொடுமை. எனக்கு நடந்ததைச் சொல்ல அவருக்கு நானே சொல் கொடுத்தேன். பிள்ளையை எடுத்த பிறகு மருத்துவிச்சி துணியில் சுற்றி நடைபாதைக்குக் கொண்டுவந்திருக்கிறார். தாய்க்கு டொச் தெரியாது, நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள் என்றிருக்கிறார். பிள்ளையைப் பார்க்க விருப்பமா? கையில் வைத்திருக்க விருப்பமா? எவ்வளவு நேரமும் வைத்திருக்கலாம். அண்ணை என் அறைக்குள் வரவேயில்லை. அங்கேயே நின்று, தாய்க்கு வேண்டாமாம் என்று சொல்லிவிட்டார்.

"ஆரைக் கேட்டுச் சொன்னனீங்கள்?" என்றேன்.

"நீ சின்னப் பிள்ளை. தனிய இருந்தனி. தாங்கமாட்டாய் எண்டு…"

"என்னட்டக் கேட்டிருக்கலாமே அண்ணை."

"ஓம்" என்றார். "ஓம். ஓம்." அந்தச் சொல் மட்டும் அவருக்குத் தடையில்லாமல் வந்தது. பிறகு, "பொம்பிளைப் பிள்ளை" என்றார்.

நான் அவர் வாயைத் துடைத்துவிட்டேன். கைக்கணினியில், குடித்தது நாற்பது மில்லி லீட்டர் என்று பதிந்தேன். அடுத்த அறையில் ஒரு ஜெர்மன் மூதாட்டி காலுறைக்காகக் காத்திருந்தார். முழந்தாளிட்டு இருந்து அவர் காலுக்குக் காலுறை இழுத்தேன். "இன்றைக்கு உங்கள் கை குளிர்கிறதே" என்றார் அவர். ஓம், வெளியே குளிர் என்றேன். ஒன்றரை மணி வரைக்கும் வேலை செய்தேன். ரயிலில் இறங்க வேண்டிய தரிப்பில் இறங்காமல் போய், அடுத்ததில் இறங்கி, திரும்பி வந்தேன்.

செவ்வாய்க்கிழமை போனதும், என்னை மற்ற நடைபாதை அறைகளுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டேன். பொறுப்பாளர் ஆச்சரியப்பட்டார். "அவர் பேசுவது உங்களுக்கு மட்டும்தானே விளங்குகிறது?"

"முதுகு நோகிறது. அவரைத் தூக்கிப் புரட்ட என்னால் முடியாது."

அந்த மனிதர் அப்போது ஐம்பத்திரண்டு கிலோ. மற்ற நடைபாதையில் தொண்ணூறு கிலோ ஆட்கள் இருந்தார்கள். பொறுப்பாளர் என்னை ஒருதரம் பார்த்துவிட்டு, சரி என்றார்.

மற்ற நடைபாதையிலிருந்தாலும் சத்தம் கேட்கும். "தங்கச்சி" என்று கூப்பிடுவார். பலமான குரல் இல்லை. ஆனால் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். கூட வேலை செய்யும் பெண் ஒருத்தி, போலந்துக்காரி, என்னிடம் வந்து கேட்டாள்.

"பதினான்காம் அறைக்காரர் நாள் முழுக்க ஒரே சொல்லைச் சொல்கிறார். தங்-கச்சி, தங்-கச்சி என்று. அதற்கு என்ன அர்த்தம்?"

நான் உணவுத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"தண்ணி கேட்கிறார்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்று வரைக்கும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. அண்ணை கூப்பிடுவது என்னை என்று சொன்னால் நான் போக வேண்டும். போக எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான். அந்தப் பெண் நல்லவள். பதிவில் எழுதிவைத்தாள், எல்லாரும் வாசிக்கட்டும் என்று: இவர் இந்தச் சொல்லைச் சொன்னால் தண்ணீர் கொடுக்கவும். அதற்குப் பிறகு அவர் கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவர் மா கலந்த தண்ணீரும் கரண்டியுமாக ஓடினார்கள். அவர் வாயைத் திறக்கமாட்டார். வைத்துவிட்டு வருவார்கள். திரும்பவும் கூப்பிடுவார். திரும்பவும் தண்ணீர்.

இரண்டு கிழமைக்கு மேல் இப்படிப் போனது. பிறகு ஒரு புதன்கிழமை காலை கூப்பிடும் சத்தம் இல்லை. பதினொரு மணிக்கு மேல்தான் நான் அதைக் கவனித்தேன். கைவேலையை விட்டுவிட்டுப் போனேன்.

காய்ச்சல். மூச்சு வேகமாக மேலும் கீழும் போய்வந்தது. படுக்கையோரத்துச் சின்ன மேசையில் மூன்று கோப்பைத் தண்ணீர், மூன்றும் ஆடை படர்ந்து, தொடாமல் இருந்தன. அவற்றை எடுத்துக் கை கழுவும் தொட்டிக்குள் ஊற்றினேன். கூழாக இருந்ததால் போகவில்லை. பைப்பைத் திறந்துவிட்டு விரலால் தள்ளித் தள்ளி ஊற்றினேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரிடம் வந்தேன். கண் திறந்திருந்தது.

"அண்ணை, நீங்கள் அவளைப் பாத்தனீங்களோ?"

தலையை ஆட்டினார். பார்த்தாராம்.

"எப்பிடி இருந்தவள்?"

வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. ஈரப் பஞ்சுக் குச்சியால் உதட்டையும் நாக்கையும் நனைத்துவிட்டேன்.

"மயிர்…" என்றார். "கொஞ்சம். கறுப்பு."

"பிறகு?"

"நித்திரை போல."

"எவ்வளவு பெரிசு அண்ணை?"

அதற்கு அவரிடம் சொல் இல்லை. இடது கையைத் தூக்கினார். இரண்டு கையாலும் காட்ட முடியாத மனிதர். போர்வையின் மேல் கிடந்த, இயங்காத தன் வலது கையின் முழங்கையில் விரலை வைத்தார். அங்கிருந்து மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு போய், விரல் மொளியில் நிறுத்தினார். இவ்வளவு.

நான் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மாதத்துக்கு மேல் நான் கழுவி, துடைத்து, கிரீம் பூசிய கை.

"மன்னிச்சிட்டன்" என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. சொல்லியிருக்கலாமே என்று பிறகு நினைத்ததுண்டு. ஆனால் அன்றைக்கு அது உண்மையாக இருந்திருக்காது. பதிவைத் திறந்து, அந்தச் சொல்லுக்கு நேரே எழுதியிருந்ததை அழித்துவிட்டு, இது தண்ணீர் அல்ல, தங்கை என்று அர்த்தம், கூப்பிட்டால் பக்கத்தில் போய் இருக்கவும் என்று எழுதினேன். போலந்துக்காரப் பெண் அதை வாசித்துவிட்டு என்னிடம் வந்தாள். "ஆனால் நீங்கள்தானே சொன்னீர்கள்…" என்றாள். தெரியும், நான் பொய் சொன்னேன் என்றேன். அவள் பிறகு என்னோடு முந்திப் போலப் பேசவில்லை. அவளைக் குறை சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை முழுக்க அவர் அறைக்குப் போய்ப் போய் வந்தேன். பேச்சு இல்லை. கையைப் பிடித்தால் பிடித்தபடி கிடந்தார். ஞாயிறு பின்னேரம் போய்விட்டார். மகன் பக்கத்தில் இருந்தாராம். செவ்வாய் காலை எனக்கு இரண்டு வரியில் சொன்னார்கள்.

இறுதிச் சடங்குக்கு நானும் கணவரும் போனோம். மயானத்து மண்டபம் கொள்ளாத சனம். ஒருவர் பின் ஒருவராக எழும்பி, அண்ணை தங்களோடு எங்கெங்கே வந்தார், யாரிடம் என்ன கதைத்துக் காரியம் முடித்துத் தந்தார் என்று சொன்னார்கள். ஒரு அம்மா, "அவர் இல்லாட்டி நாங்கள் இந்த நாட்டில ஊமையள்" என்று சொல்லி அழுதார். பொய் இல்லை. எல்லாம் நடந்ததுதான். நான் மடியில் கையை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். நான் எழும்பிச் சொன்னால் அதுவும் நடந்ததுதான்.

வெளியே வந்தபோது மகன் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அன்ரி, அப்பா என்னைப் பற்றி ஏதாவது சொன்னவரா? கோவமா இருந்தவரா?"

"அவனைப் பேசாதை, அவன் பாவம் எண்டவர்" என்றேன். "அவ்வளவுதான் தம்பி. நான் கூட்டியும் சொல்லேல்லை, குறைச்சும் சொல்லேல்லை."

அவர் சுவரோடு சாய்ந்து நின்று அழுதார். நாற்பது வயது ஆம்பிளை. நான் அவர் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து, உடுப்பு மாற்றி, தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னட்டையும் அவர் சொல்லேல்லை" என்றார்.

"தெரியும்."

கோப்பையை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, "என்னட்டக் கேட்டிருந்தா நானும் வேண்டாம் எண்டுதான் சொல்லியிருப்பன்" என்றார்.

எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. பிறகு, இவராவது உண்மையைச் சொல்கிறாரே என்று இருந்தது. "நானும் வேண்டாம் எண்டு சொல்லியிருப்பனோ தெரியாது" என்றேன். "ஆனா அது நான் சொல்லவேண்டியது." அவர் தலையை ஆட்டினார்.

அந்த ஆஸ்பத்திரிக்கு நான் தொலைபேசி எடுத்தேன். என் பெயரையும் பிறந்த திகதியையும் கேட்டு எழுதிக்கொண்ட பெண் மிக மரியாதையாகக் கதைத்தார். பழைய கோப்புகளை முப்பது வருடம் வைத்திருப்பார்களாம், பிறகு அழித்துவிடுவார்களாம். என்னுடையது போன வருடமோ அதற்கு முந்தினதோ போயிருக்கும் என்றார். அந்தக் காலத்தில் ஒரு கிலோவுக்குக் குறைந்த நிறையில் இறந்து பிறந்த பிள்ளைகளைப் பிறப்பாகவோ இறப்பாகவோ பதிவதில்லை, எங்கே கொண்டுபோனார்கள் என்று இப்போது சொல்ல யாரும் இல்லை என்றார். நகரத்து மயானத்தில் கேட்டுப் பாருங்கள் என்று வழி சொன்னார்.

வசந்தகாலத்தில் ஒரு சனிக்கிழமை போனோம். அங்கே வேலை செய்யும் ஒருவர் கைவண்டியை நிறுத்திவிட்டு எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு என்று ஒரு புல்வெளி இருக்கிறது. சின்னச் சின்னக் கற்கள், காற்றில் சுற்றும் கடதாசிப் பூக்கள், ஒரு பொம்மை யானை. ஆனால் இது உங்கள் காலத்துக்குப் பிறகுதான் தொடங்கியது, உங்கள் பிள்ளை இங்கே இருக்க வாய்ப்பில்லை என்று அவர் சொன்னார். சொல்லத் தயங்கியதைப் பார்க்கத் தெரிந்தது. சொன்னதற்கு நன்றி சொன்னேன்.

அவர் போன பிறகும் நாங்கள் நின்றோம். யாரோ ஒருவருடைய கல்லில் நீர் தேங்கியிருந்தது. என் கணவர் குனிந்து கையால் வழித்துவிட்டார். மழை தூறத் தொடங்கியதும், "போவம், ரயில் வரப்போகுது" என்றார்.